செயலாளரின் ஆண்டறிக்கை: தோட்டத்து நினைவுகளைத் திரட்டிய ஆண்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தோரே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

மலேசிய இந்தியர்களின் மரபையும் சாதனைகளையும் கொண்டாடும் ஆண்டாக இந்த ஆண்டை நடத்துவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். எப்படிக் கொண்டாடுவது என்பதில்தான் செயலவை இரண்டுபட்டது. ஹோட்டலில் இரவு விருந்து, பிரமுகர்களுக்குப் பொன்னாடை என்றது ஒரு தரப்பு. மூடப்பட்ட ரப்பர் தோட்டங்களிலிருந்து மிஞ்சியிருப்பதையாவது திரட்டி வைப்போம் என்றது மறுதரப்பு. நான் எந்தத் தரப்பு என்பது உங்களுக்குத் தெரியும், மறைப்பதற்கில்லை. காரசாரமான சில கூட்டங்களுக்குப் பிறகு விருந்து கைவிடப்பட்டது. அந்தப் பணத்தில்தான் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் கண்காட்சி நடந்தது.

சுங்கை பட்டாணி வட்டாரத்தில் பால்மரம் வெட்டாத, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்காத, குடும்பம் அரிது. ஆனாலும் பொருள்கள் எளிதில் கிடைக்கவில்லை. தோட்டம் விற்கப்பட்டு லயத்து வீட்டைக் காலி செய்தபோது யார் பால் பிடிக்கும் மங்குகளையும் வாளி சுமக்கும் காண்டாக் கம்பையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? உறுப்பினர்கள் வீட்டுப் பின்கட்டுகளில் தேடி, வெட்டுக் கத்தி, பால்வாளி, தலைவிளக்கு, கிராணியார் என்ற தோட்டத்துக் கணக்கர் எழுதிய செக்ரோல், அதாவது வேலையாள் பதிவுப் புத்தகம், ஒன்று என்று சேர்த்தோம். அந்தச் செக்ரோலில் ஒரே பக்கத்தில் நான்கு மாரியாயிகள். அப்பன் பெயரோ ஊர்ப் பெயரோ கிடையாது. யார் எந்த மாரியாயி என்பது எழுதிய கிராணியாருக்குத்தான் வெளிச்சம்.

இளைஞர் பிரிவினர் ஒரு படி மேலே போய், ஒரு பால்மரத் துண்டை நட்டு, வெட்டுக்கோட்டைச் சுண்ணாம்பால் வரைந்து வைத்திருந்தார்கள். முதல் நாள் காலையில் வந்த பாட்டி ஒருவர் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கோடு தலைகீழாக இருக்கிறது என்றார். இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமாகச் சரிந்தால்தான் பட்டைக்குள் இருக்கும் பால் நாளங்கள் கூடுதலாக வெட்டுப்படும். மாற்றி வெட்டினால் பால் குறையும், மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் வசவு கூடும். சொன்னதோடு விடவில்லை. கத்தியை வாங்கி, வலது கையை மேலே வைத்து, காலை மெல்லப் பின்னுக்கு நகர்த்தியபடி ஒரே இழுப்பில் சீவிக் காட்டினார். பட்டை மெல்லிய சுருளாக விழுந்தது; உள்ளே கட்டையில் ஒரு கீறல் இல்லை. கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் மரம் புடைத்துக்கொள்ளும், மறுபடி வெட்ட முடியாது என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். அன்று மாலைவரை அவரைச் சுற்றிக் கூட்டம் குறையவில்லை. நாம் அச்சடித்த விளக்கப் பலகைகளை எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்காதீர்கள்.

படங்களின் வரிசைக்கும் வரவேற்பு இருந்தது. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற டாக்டர் மு. ஜெகதீசன், அதே போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற மு. ராஜமணி, நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன், 1997 மே 23 அன்று எவரெஸ்டில் கால் பதித்த முதல் மலேசியர்களான மகேந்திரன், மோகனதாஸ் ஆகியோரின் படங்களை வைத்திருந்தோம். பிள்ளைகள் எவரெஸ்ட் படத்தை விட்டு நகரவில்லை. தாத்தாமார்கள் மொய்த்தது தேசியக் காற்பந்துக் குழுவின் கோல்கீப்பர் ஆறுமுகத்தின் படத்தை. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய அவரும் மற்றவர்களும் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும், நாடு புறக்கணித்ததால் போக முடியாமல் போன கதையை நேற்று நடந்ததுபோலச் சொல்லி இன்னமும் கோபப்பட்டார்கள்.

இருந்தாலும், கண்காட்சியின் மிகப் பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால், ஓரத்து மேசையில் கண்ணாடிக்கு அடியில் இருந்த மஞ்சளேறிய ஒரு காகிதத்தைத்தான் காட்டுவேன். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் அது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிய காலம். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்றார்கள். வேலையும் போய், குடியிருந்த லயமும் போய்த் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது, 1960-இல், அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் இந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகப் போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சின்னத் தொகை அல்ல. போட்டார்கள். முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். விளையாட்டு வீரருக்குப் பதக்கம் உண்டு, பத்து வெள்ளி போட்டவருக்கு இந்தக் காகிதம்தான். இதை நமக்குத் தந்த உறுப்பினர், அப்பாவின் பெட்டியில் திருமணப் பத்திரிகைக்கும் ரஜூலா கப்பல் டிக்கெட்டுக்கும் நடுவே இது இருந்தது என்றார். கப்பல் டிக்கெட்டை மட்டும் தர மறுத்துவிட்டார். அடுத்த முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பூஜாங் பள்ளத்தாக்குச் சுற்றுலா. ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக் அருங்காட்சியகத்தையும் புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளத்தையும் பார்த்தோம். 1025-இல் ராஜேந்திர சோழன் நம் கெடாவான கடாரத்தைக் கொண்ட கதையைப் பஸ்ஸிலேயே உரக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். பேசட்டும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் இந்துக் கோயில்கள் மட்டுமல்ல, பௌத்த எச்சங்களும் உள்ளன. சோழப் படை வருவதற்கு முன்பே அது பல நாட்டு வணிகர் கூடிய துறைமுகம். எல்லாவற்றையும் நம் பாட்டன் கட்டியதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நியாயமில்லை. நம் பாட்டன்மார் வந்தது படையோடு அல்ல. கங்காணி பிடித்துக்கொடுத்த ஆளாக, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக்கு அருகே ஜெரஜா தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு வந்தார்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. அதே பள்ளத்தாக்கில் 2013-இல் ஒரு பழங்கோயிலின் எச்சம் வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டது. விஷயம் வெளியே தெரிந்தபோது இடித்து முடிந்திருந்தது.

திரும்பும் வழியில் பீடோங்கில் இறங்கியது திட்டத்தில் இல்லாதது. பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில்தான் 1946-இல் ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். கூலியைக் கள்ளுக்கடையில் தொலைக்காதே என்பதுதான் அந்தப் படையின் முதல் பாடம். 1947 பிப்ரவரியில் பீடோங் கள்ளுக்கடை மறியலைத் தொடர்ந்து தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். வழிகாட்டிப் பலகை எதுவும் இல்லாத இடத்தில் நின்று, இதைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர் தூக்கினார், அவரும் ஓட்டுநர்.

கொண்டாட்டத்தோடு சேராத ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். கண்காட்சியில் மரம் வெட்டிக் காட்டிய பாட்டியிடம் இருப்பது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டை. இங்கேயே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் குடிமக்கள். தேர்தல் நாளில் அவர் மட்டும் வீட்டில் இருந்து சமைப்பார். அவருடைய விண்ணப்பத்தை நம் உதவிக்குழு பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறது. பிறப்புக்குச் சான்றாக எதையாவது காட்டச் சொன்னார்கள். நாம் எடுத்துச் சென்றது அந்தச் செக்ரோல் புத்தகத்தின் நகலை. நான்கு மாரியாயிகளில் ஒருவர் அவருடைய தாயார். எந்த மாரியாயி என்பதை உறுதிப்படுத்த, அதே தோட்டத்தில் வேலை செய்த இரண்டு முதியவர்கள் சத்தியப்பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. இதுபோன்ற நிலையில் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், சங்கடப்படாமல் உதவிக்குழுவைப் பாருங்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா மழையிலும் நடந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான இலவச டியூஷன் வகுப்பு தொடர்கிறது. கணிதத்திற்கு ஆசிரியர் தேவை. பினாங்கு பிரீ ஸ்கூலில் 1816-இல் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க்கல்வி, 1957-இல் 888 பள்ளிகளாக இருந்தது. இன்று 520-க்குச் சற்று மேல். தோட்டம் மூடும்போது பள்ளியும் மூடியதுதான் பெரும்பாலும் காரணம். நம் வட்டாரத்தில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் இயக்கத்திற்கு மகளிர் பிரிவு வீடு வீடாகப் போனது, அவர்களுக்கு நன்றி. சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியல் என்னிடம் உள்ளது. இன்று அதைப் படிக்கவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டுக்குச் செயலவை இரண்டு பரிந்துரைகளை முன்வைக்கிறது. சேர்ந்த பொருள்களையும் ஆவணங்களையும் வைக்கப் பள்ளி மண்டபத்தின் பின்னறையைச் சீரமைத்துத் தருமாறு பள்ளி வாரியத்தைக் கேட்பது. மூத்தோர் சொல்வதை, குறிப்பாக ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் சொல்வதை, இளைஞர் பிரிவு ஒலிப்பதிவு செய்வது. இரவு விருந்தை மீண்டும் நடத்த வேண்டும் என்று ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் மூன்றாவது பரிந்துரை ஒன்றும் கொடுத்திருக்கிறார். விதிப்படி அதையும் வாக்கெடுப்புக்கு விடுகிறேன். எதிர்த்து வாக்களிக்கும் உரிமை செயலாளருக்கும் உண்டு.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்