இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிவுக்கு வருகிறது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் எங்கள் மாணவர்கள் பல பிரிவுகளில் பரிசு பெற்றார்கள். சதுரங்க அணியும் வலைப்பந்தாட்ட அணியும் திறமையாக விளையாடின. ஆங்கில தின நிகழ்ச்சிகளுக்கு வந்து உற்சாகப்படுத்திய எல்லோருக்கும் நன்றி. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியர்கள் வழமைபோல பெற்றோர் கூட்டத்தில் தருவார்கள்.

இந்தக் கடிதத்தின் மிச்சம் முழுவதும் ஒரே விஷயம்தான். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாக வாசியுங்கள், வீட்டில் பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மா, அப்பம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கடந்த சில வாரங்களாக ஆரம்பப் பிரிவில் வயிற்றோட்டமும் சத்தியும் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு வந்தால் ஓரிரு நாட்களில் அதே வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் வருகிறது. பாடசாலையில் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறோம். தண்ணீர்த் தாங்கிகளைக் கழுவினோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சிற்றுண்டிச்சாலையையும் மலசலகூடங்களையும் பார்த்தார். எல்லாக் குழாயடியிலும் சவர்க்காரம் இருக்கிறது, அது தீராமல் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறோம். ஆனால் இது பெரும்பாலும் வைரசால் வருவது. கையிலிருந்து வாய்க்குப் போகிறது. அதைப் பாடசாலை மட்டும் நிறுத்த முடியாது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீடுகள்தான் அதிகம். புறக்கோட்டையில் கடை திறக்க வேண்டும், அலுவலகத்தில் லீவு கிடைக்காது, பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. தரம் ஐந்துப் பெற்றோருக்குப் புலமைப்பரிசில் பயம் வேறு. இதெல்லாம் நியாயமான கவலைகள்.

ஆனாலும் ஒன்றை நேராகச் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலையிலிருந்து நாலைந்து தரம் வயிற்றாலே போன பிள்ளைக்கு ஒரு குளிசையைக் கொடுத்து பாடசாலை வானில் ஏற்றி அனுப்புவது இனி நடக்கக் கூடாது. அந்தப் பிள்ளை இரண்டாம் பாடவேளையிலேயே சீருடை நனைந்து, வெட்கத்தில் மலசலகூடத்தை விட்டு வெளியே வராமல் அழுகிறது. ஆசிரியை வீட்டுக்கு அழைக்கிறார், யாரும் எடுப்பதில்லை. தந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று சில வேளை பதில் வருகிறது. பாடசாலை விடும்வரை நோயாளிப் பிள்ளையை ஒரு கதிரையில் இருத்தி வைத்திருக்கும்படி ஆகிறது. அது அந்தப் பிள்ளைக்கும் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம்.

ஆகவே சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். வயிற்றோட்டமோ சத்தியோ நின்று 48 மணித்தியாலம் கழிந்த பிறகே பிள்ளை பாடசாலைக்கு வரலாம். வயிறு சரியான பிறகும் கிருமி மலத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால்தான் இந்த இடைவெளி. ஆரம்பப் பிரிவில் முழு வரவுக்கான பரிசை இந்த வருடத்தோடு நிறுத்துகிறோம். ஒரு சான்றிதழுக்காக எந்தப் பிள்ளையும் வருத்தத்தோடு வர வேண்டியதில்லை. தவறிய கணிப்பீடுகளை வகுப்பாசிரியர் பிறகு வைத்துத் தருவார், புள்ளி குறையாது.

சரி, பிள்ளை வீட்டில் நிற்கும்போது என்ன செய்வது? நான் விஞ்ஞானம் படிப்பித்தவன், வைத்தியர் அல்ல. இங்கே எழுதுவது வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் விஷயங்களே.

வயிற்றோட்டத்தில் பிள்ளையைச் சாய்ப்பது நீரிழப்பு. மலத்தோடும் சத்தியோடும் தண்ணீரும் உப்பும் போய்விடுகின்றன, அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். அதற்கு ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் குளுக்கோசும் உப்பும் கலந்த தூள் இருக்கிறது, எந்த பார்மசியிலும் குறைந்த விலையில் கிடைக்கும். கவலை என்னவென்றால் அதைக் கரைக்கும் முறை. பாதிப் பைக்கற்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுக் கொடுத்ததாகப் பல பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு லீற்றருக்கான பைக்கற் என்றால் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலால் அளந்தால் பிழைக்காது. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, தண்ணீர் கூடினால் பலன் இல்லை. சீனி, தேசிக்காய் எதுவும் சேர்க்க வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

இந்த அளவு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே குடலின் சுவரைக் கடக்கின்றன, அவற்றின் பின்னால் தண்ணீரும் உள்ளே போகிறது. வயிற்றோட்டம் உள்ளபோதும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சோடா, பைக்கற் ஜூஸ் போன்றவற்றில் சீனி மிக அதிகம், உப்பு மிகக் குறைவு. அந்தச் சீனி உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்து, வயிற்றோட்டத்தைக் கூட்டிவிடும். செவ்விளநீர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் எல்லாம் நல்லவை, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் செவ்விளநீரில் சோடியம் குறைவு. ஜீவனிக்குப் பதிலாக அதை நம்பியிருக்க முடியாது.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றாலே போன பிறகும் 100 முதல் 200 மில்லிலீற்றர், அதாவது அரைக் கிளாசிலிருந்து ஒரு கிளாஸ். இரண்டு வயதுக்குட்பட்ட தம்பி தங்கைக்கு 50 முதல் 100. சத்தி எடுத்தால் நிறுத்திவிட வேண்டாம். பத்து நிமிடம் விட்டு, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி கொடுங்கள். ஒரேயடியாகக் குடித்தால்தான் திரும்ப வெளியே வரும். பக்கத்தில் இருந்து ஊட்ட ஆள் வேண்டும், பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள் என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயிற்றைக் காயப் போட வேண்டாம். பெரியவர்கள் அன்பினால் சொல்வதுதான், ஆனால் பட்டினி பிள்ளையை இன்னும் சோர வைக்கும். குழைத்த சோறு, பருப்பு, வாழைப்பழம், தயிர், இடியப்பத்தோடு உறைப்பில்லாத சொதி, பிள்ளை கேட்பதைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியர் நாகச் சத்து (சிங்க்) மருந்து தந்தால், வயிறு சரியான பிறகும் அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள். வழமையாக 10 முதல் 14 நாட்கள்.

வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசைகளை வைத்தியர் சொல்லாமல் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். அவை குடலின் அசைவை மந்தமாக்குமே தவிர நோயை மாற்றுவதில்லை. சிறுபிள்ளைகளுக்கு ஆபத்தாகவும் முடியலாம். போன தடவை மிஞ்சிய அன்டிபயோட்டிக்கையும் எடுக்க வேண்டாம், வைரசுக்கு அது வேலை செய்யாது. அப்புறம், இது கொழும்பு. காய்ச்சலும் சத்தியும் சேர்ந்து வந்தால் டெங்குவையும் நினைக்க வேண்டும். காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும், அதுவும் நிறைக்கு ஏற்ற அளவில். இபுபுரூபன், அஸ்பிரின், டைக்ளோபெனக் வேண்டவே வேண்டாம், டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

எப்போது வைத்தியசாலைக்குப் போவது? மலத்தில் இரத்தம் தெரிந்தால், கொடுப்பதெல்லாம் சத்தியாக வந்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், கண் குழிவிழுந்து அழும்போது கண்ணீர் வராவிட்டால், வயிற்று வலி கடுமையாக இருந்தால், காய்ச்சல் அதிகமாக இருந்தால், உடனே போங்கள். பிள்ளை எழும்ப முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை அறிகுறி பார்த்துக்கொண்டிராமல் காட்டிவிடுவதே நல்லது. விடியட்டும், மாலை டிஸ்பென்சரி திறக்கட்டும் என்று இருக்க வேண்டாம். பொரளையில் லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் உள்ளவர்களுக்கு களுபோவில வைத்தியசாலை கிட்ட. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்க, மலசலகூடம் போன பிறகும் சாப்பிட முன்பும் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். புத்தகப்பையில் வைக்கும் சானிட்டைசர் இந்த வைரஸ்கள் சிலவற்றுக்குப் போதாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே பாடசாலைக்குக் கொடுத்தனுப்புங்கள். பாடசாலை விட்டதும் கேற்றுக்கு வெளியே வாங்கும் அச்சாறையும் ஐஸ்பழத்தையும் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள்.

வருத்தமான பிள்ளையை வேளைக்கே வந்து கூட்டிக்கொண்டு போன பெற்றோர், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட தாய்மார், வானில் பிள்ளை சோர்ந்திருப்பதைக் கண்டு எங்களுக்கு முதலில் சொன்ன சாரதிகள், உடுப்பு மாற்றிவிட்டு மடியில் வைத்துத் தேற்றிய ஆசிரியைகள், பணியாளர்கள் எல்லோருக்கும் மனதார நன்றி சொல்கிறேன். உங்களால்தான் இது பெரிதாகாமல் நிற்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். பகல் நேரத்தில் நிச்சயமாக எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி இலக்கங்களையும், நீங்கள் வர முடியாதபோது பிள்ளையைக் கூட்டிச்செல்ல அனுமதிக்கும் ஒருவரின் பெயரையும் எழுதி, திங்கட்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அதிபர்