நிதி திரட்டினார், கூலியும் கொடுத்தார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மகளிர் தினத்தை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்துப் பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடிய வரலாறு வந்திருந்தது. அந்தப் போராட்டத் தலைவி எமலின் பாங்கர்ஸ்ட், ஊர்வலம், சிறை, உண்ணாவிரதம் எல்லாம் இருந்தது. நாடக நடிகைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விடிய விடியப் பாடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் 31 வருடம் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், போட்டவள் நான். அதனால் அந்தக் குறை என் கண்ணில் உடனே பட்டது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் பேத்தி, லீனா ஆஷ்வெல் என்ற லண்டன் நடிகையைப் பற்றி எனக்கு வாசித்துச் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவள்தான்.

லீனா பிறந்தது இங்கிலாந்தின் டைன் ஆற்றில் நங்கூரமிட்டிருந்த ஒரு பயிற்சிக் கப்பலில். அப்பா கடற்படை அதிகாரி. பிறகு குடும்பம் கனடாவுக்குப் போனது. பாட்டுப் படிக்க லண்டன் வந்தவரை நடிக்கப் போகச் சொன்னவர் எலன் டெர்ரி. அன்றைக்கு அந்த நாட்டு மேடையில் அவருக்கு மிஞ்சிய நடிகை இல்லை.

1907ல் லண்டன் கிங்ஸ்வே தியேட்டரைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்தினார் லீனா. அடுத்த வருடம் அங்கே ஒரு நாடகம் போட்டார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண், முதலாளி கொடுக்கும் விடுதியிலேயே அடைந்து கிடக்கிறாள், தொட்டதற்கெல்லாம் அபராதம். எழுதியவர் சிசிலி ஹாமில்டன் என்ற பெண். கடைப் பெண்ணாக நடித்தவர் லீனாவேதான். நான் வள்ளியாகத் தினைப்புனம் காத்திருக்கிறேன், சந்திரமதியாகச் சுடலையில் அழுதிருக்கிறேன். இந்தக் காலத்துக் கூலிக்காரி ஒருத்தியாக மேடையில் நிற்க எனக்கு ஒரு நாடகம்கூட அமையவில்லை. அந்த ஏக்கம் இன்றும் உண்டு.

அதே 1908 டிசம்பரில், லண்டன் பிக்காடிலியில் உள்ள கிரைட்டீரியன் உணவகத்தில் நாடகக்காரர்கள் சுமார் 400 பேர் கூடினார்கள். நடிகைகள் வாக்குரிமைச் சங்கம் பிறந்தது அங்கேதான். லீனாவும் அதில் முன்னால் நின்றவர். அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு தியேட்டரையே நடத்துகிறார், ஆண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. கல்யாணமான பெண் எவ்வளவு சம்பாதித்தாலும் வருமான வரிச் சட்டம் அதைப் புருஷன் வருமானமாகவே கணக்கில் வைத்தது. சொந்தக் காசில் சோறு சாப்பிடுகிறவளுக்கு இது எப்படி உறுத்தும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சங்கம் கூட்டங்களில் போடச் சின்னச் சின்ன நாடகங்களைத் தயார் செய்தது. அது மட்டும் இல்லை, மேடை ஏறிப் பழக்கமில்லாத பெண்களுக்குக் குரல் எடுத்துப் பேசக் கற்றுக் கொடுத்தது. மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய வேலை என்பது விடிய விடியப் பாடினவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் 1914ல் உலகப் போர் வந்தது. படை முகாம்களுக்குக் கலைஞர்களை அனுப்பலாம் என்று லீனா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். ராணுவத் தரப்பில் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் மகளிர் குழு வழியாகத்தான் கதவு திறந்தது. 1915 பிப்ரவரியில் முதல் குழு பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்துக்குப் போனது. ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி வரை நடத்தினார்கள். குடிசைக் கொட்டகை, ஆஸ்பத்திரி வார்டு என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே பாடினார்கள். போர்முனைக்கு அருகே போன குழுக்களில் ஆண்கள் மட்டும். மால்டா, எகிப்து வரை போய் வந்தார்கள். போர் முடியும்போது 25 குழுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. இதற்காக லீனா திரட்டிய பணம் ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்ட்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். அந்த நிதியிலிருந்து கலைஞர்களுக்குச் சம்பளம் போனது. பெரிய தொகை இல்லை, ஆனால் கொடுத்தார்கள். போரினால் பிழைப்பு இழந்த பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சாப்பிட வேண்டும் என்பதும் லீனாவுக்கு அந்தத் தர்மத்தில் சேர்த்தி.

சில வருடங்களுக்கு முன் வெள்ள நிவாரணத்துக்கு என்று ஒரு நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். நல்ல காரியம், போனோம். இரவு 10 மணிக்கு ஏறி விடிகாலை 5 மணிக்கு இறங்கினோம். வசூலான தொகையை மேடையிலேயே வாசித்தார்கள், கைதட்டல் அடங்க நேரமானது. கீழே மிருதங்கக்காரர் ஊர் திரும்பப் பஸ் காசு இல்லாமல் நின்றார், நான் கொடுத்தேன். ஆர்மோனியக்காரருக்கு எழுபது வயது, டீ வாங்கித் தரவும் ஆள் இல்லை. நிவாரணத்துக்கு நாங்கள் கொடுத்தது எங்கள் ஒரு ராத்திரிக் கூலி. அதை ஒருவரும் கணக்கில் சொல்லவில்லை.

1918ல் முப்பது வயதைத் தாண்டிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு அங்கே ஓட்டு வந்தது. ஆண்களுக்குச் சமமாக வர 1928 ஆனது. லீனா அதற்குள் ஒரு நாடகக் குழுவைச் சேர்த்துக்கொண்டு லண்டனின் சாதாரணப் பேட்டைகளுக்குப் போய்விட்டார். நகராட்சி மண்டபம், பொதுக் குளியல் கூடம் என்று கிடைத்த இடத்தில் ஏழை எளியவர்களுக்கு நாடகம் போட்டார். 1957ல் காலமானார்.

அடுத்த மகளிர் தின இணைப்பில் இந்த அம்மாவுக்கும் அவரோடு நின்ற நடிகைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதோடு, நிதி வசூல் நாடகம் நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், செலவுக் கணக்கின் முதல் வரியில் கலைஞர் சம்பளத்தையும் பஸ் காசையும் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்பெஷல் நாடக நடிகை (ஓய்வு),
புதுக்கோட்டை மாவட்டம்