கண்ணாடி தேய்க்கும் கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

ஓய்வு பெற்றபின் முதல் மாதம் தூக்கத்திலேயே கழிந்துவிடும். காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். நடைப்பயிற்சியும் செய்தித்தாளும் அதற்குக் கொஞ்சம்தான் விடை தரும். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர ஒரு வேலை வேண்டும். ஓய்வு பெற்ற எட்டுப் பேர் தம் கையாலேயே ஆளுக்கொரு தொலைநோக்கிக் கண்ணாடி, அதாவது ஒளியைக் குவிக்கும் குழியாடி, தேய்க்க ஒரு கூடம் அமைக்கிறோம்.

150 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. கனமும் உள்ள வட்டக் கண்ணாடி மேலே, அதே அளவில் இன்னொன்று கீழே, நடுவில் ஈரமான கார்போரண்டம் என்னும் கடினமான தேய்ப்புத் தூள். மேலதை முன்னும் பின்னும் தள்ளி, சற்றுத் திருப்பி, மேசையைச் சுற்றி ஓரடி நகர்ந்து மறுபடி தள்ள வேண்டும். மேலது குழியும், கீழது புடைக்கும். நடுவில் 1.17 மி.மீ. ஆழம் வந்தால் குவியத் தூரம் (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம்) 1200 மி.மீ. ஆகிவிடும். கை நடுங்குகிறதே என்று தயங்க வேண்டாம். தள்ளல் ஒரே சீராக இல்லாமல் போனால்தான் வடிவம் நன்றாக அமையும். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே தேய்க்கச் சுழல்மேசை வைக்கிறோம்.

தூள் 80-இல் தொடங்கி 120, 220, 320, 600 என்று நைசாகிக்கொண்டே போகும். வேலை கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நகக்கண்ணில் ஒளிந்த ஒரே ஒரு 80 நம்பர் மணி 600-இல் விழுந்தால் கீறல்தான். பல நாள் உழைப்பு பின்னால் போகும். ஆகவே ஒவ்வொரு தூளுக்கும் தனி வாளி, தனிப் பஞ்சு, புதிய விரிப்பு. பிறகு கீல் (தார் போன்ற பிசின்) பூசிய தட்டில் சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுத் தூள் வைத்து மெருகேற்ற வேண்டும். மெருகேற்றிய கண்ணாடியை உடனே சோதிக்கக் கூடாது. கைச்சூட்டுக்கே வடிவம் மாறியிருக்கும், ஆறும்வரை அது பொய்தான் சொல்லும். சோதனைக்கு ஒரு விளக்கும் ஒரு பிளேடும் போதும். 1858-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ சொன்ன முறை இது: கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் குவியும் ஒளியைப் பிளேடு விளிம்பால் மறைத்துப் பார்ப்பது. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மேடும் நிழலாகத் தெரியும். முதல் தடவை அந்த நிழலைப் பார்ப்பவர் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்!

குவிய விகிதம், அதாவது குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது, 8 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. வயதானால் இருட்டில் கண்மணி முன்போல் விரியாது. குவியத் தூரம் 32 மி.மீ. உள்ள கண்வில்லையில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) ஒளிக்கற்றை 4 மி.மீ. அளவில்தான் வெளிவரும். அது கண்மணிக்குள் அடங்குவதால் சேர்த்த ஒளி வீணாகாது.

தேவைப்படுபவை: வட்டக் கண்ணாடி 16, 80 நம்பர் தூள் 4 கிலோ, 120-உம் 220-உம் தலா ஒரு கிலோ, 320-உம் 600-உம் அரை அரைக் கிலோ, சீரியம் ஆக்சைடு அரைக் கிலோ, கீல் 2 கிலோ, தாங்கிகளுக்குப் பிளைவுட். பணமாகத் தருவதில் பெரும்பகுதி, கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்பத் தேவையான அலுமினியப் பூச்சுக்குப் போகும். அதை வெற்றிடக் கலத்தில்தான் பூச முடியும், கூடத்தில் செய்ய வழியில்லை. எவ்வளவு தந்தாலும் ரசீது உண்டு, வரவு செலவு மாதாமாதம் கூடத்துப் பலகையில் ஒட்டப்படும்.

மெல்லிய ஜன்னல் கண்ணாடிகளை ஒட்டித் தர வேண்டாம், அவை வளைந்துவிடும். தூள்களை எண் எழுதிய தனித்தனி டப்பாக்களில் இறுக மூடித் தாருங்கள். ஒரே பையில் பொட்டலங்களாக வந்தால் 80-ஐத் தவிர மற்றதை எங்களால் பயன்படுத்த முடியாது.

இப்படிக்கு,
கூட அமைப்புக் குழுவினர்