நகைக்கடன் இரு மடங்கு: அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்தத் துறைக்கு எவ்வளவு கடன் போயிருக்கிறது என்ற வங்கிக் கணக்கை ரிசர்வ் வங்கி மாதக் கடைசியில் வெளியிடுகிறது. வணிகப் பக்கத்தில் அது சிறு செய்தியாக வரும். ‘நகைக்கடன் ஒரே ஆண்டில் இரு மடங்கு’ என்ற மாதிரித் தலைப்புகளை 2025-இல் அடிக்கடி பார்த்தேன். எண் சரிதான். 2024 மார்ச்சில் சுமார் 1 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நகைக்கடன் பாக்கி, 2025 மார்ச்சில் 2 லட்சம் கோடியைத் தாண்டியது. ஆனால் அதைப் படித்த எங்கள் தெருக்காரர்கள், ஊரில் இருக்கிற நகையெல்லாம் வங்கிக்குப் போய்விட்டது என்றே புரிந்துகொண்டார்கள். அது முழு உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தஞ்சை, திருவாரூர் மாவட்டக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பெரும்பாலும் நகைக்கடன் கவுண்டர்தான். டெல்லியிலும் மும்பையிலும் பேசப்படும் இந்தக் கணக்கு எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். கிளையில் ஒரு கடன் கொடுக்கும்போது கணினியில் அது எந்த வகை என்று ஒரு குறியீடு போட வேண்டும். விவசாயமா, சிறுதொழிலா, வியாபாரமா, சொந்தச் செலவா? சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களோடு வந்தவருக்கு விவசாய நகைக்கடன், வட்டியும் குறைவு. அது இல்லாதவருக்குச் சாதாரண நகைக்கடன். நகையும் அதேதான், எடை போட்ட மதிப்பீட்டாளரும் அவரேதான், உள்ளே போகும் பெட்டகமும் ஒன்றுதான். குறியீடு மட்டும் வேறு. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் ஒன்று ‘விவசாயம்’ என்ற தலைப்பில் போய் உட்காரும், மற்றது ‘தனிநபர் கடன்’ என்ற தலைப்பில்.

இந்தப் பின்னணியில் 2024 செப்டம்பர் 30 சுற்றறிக்கையைப் பாருங்கள். நகைக்கடன் கொடுப்பதில் கண்ட குறைகளை ரிசர்வ் வங்கி அதில் பட்டியலிட்டது. பணம் எதற்குச் செலவாகிறது என்று கண்காணிக்காதது அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகு, விவசாயத் தலைப்பில் இருந்த நகைக்கடன்களில் கணிசமானவற்றை வங்கிகள் தனிநபர் நகைக்கடன் தலைப்புக்கு மாற்றின. கடன் வாங்கியவருக்கு இந்த மாற்றமே தெரிந்திருக்காது. ஆனால் பட்டியலில் நகைக்கடன் பாய்ந்து ஏறியது. 2024 மார்ச்சில் 20 சதவீதமாக இருந்த விவசாயக் கடன் வளர்ச்சி 2025 மார்ச்சில் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. விவசாயக் கடன் சுணங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் இந்த இரண்டையும் இரண்டு தனித்தனிச் செய்திகளாகப் போட்டால் வாசகருக்கு என்ன தோன்றும்? விவசாயிக்குக் கடன் கொடுக்க மறுக்கிறார்கள், ஜனங்கள் நகையை அடகு வைத்துப் பிழைக்கிறார்கள் என்றுதானே?

தங்கம் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 தொடக்கத்தில் சவரன் 47 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 2025 ஏப்ரலில் 70 ஆயிரத்தைத் தாண்டியது. அதே ஐந்து பவுன் சங்கிலியை மீட்டு மறுபடி வைத்தால் கூடுதல் பணம் கிடைக்கும். பட்டியலில் இருப்பது அந்தத் தேதியில் நிலுவையில் இருக்கும் தொகை. அந்த மாதம் புதிதாக எத்தனை பேர் நகை வைத்தார்கள் என்று அது சொல்லாது. பவுன் ஒன்றுகூடக் கூடாமலே தொகை ஏறும்.

சரி, நெருக்கடியே இல்லையா என்றால், இருக்கிறது. 2023 நவம்பரில் அடமானம் இல்லாத தனிநபர் கடன்களுக்கும் கிரெடிட் கார்டுக்கும் வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தை ரிசர்வ் வங்கி கூட்டியது. அந்தக் கடன்களின் வேகம் 2024 முழுக்கக் குறைந்துகொண்டே வந்தது. கையெழுத்தை மட்டும் நம்பிக் கிடைத்த கடன் கிடைக்காமல் போனால் நடுத்தர வீட்டில் அடுத்து திறப்பது நகைப் பெட்டியைத்தான். இந்தப் பங்கு எவ்வளவு, குறியீடு மாறியதன் பங்கு எவ்வளவு, விலையின் பங்கு எவ்வளவு? செய்தியாளர்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

எனக்கு அதைவிட ஆற்றாமையாக இருந்தது, அந்தச் சுற்றறிக்கைக்குப் பின் ஊரில் நடந்ததைப் பார்த்ததுதான். கெடு முடிந்ததும் பகுதிப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கடனை நீட்டிப்பதையும் குறையாகச் சொல்லியிருந்தார்கள். உடனே பல கிளைகளில் அசலும் வட்டியும் முழுதாகக் கட்டி நகையை மீட்டால்தான் மறுபடி வைக்கலாம் என்றார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தையல் கடை வைத்திருப்பவர். அசலுக்கு எங்கே போவார்? வெளியில் ஒருநாள் வட்டிக்கு வாங்கிக் கட்டி, நகையை மீட்டு, மறுபடி வைத்து, அந்தப் பணத்தில் வெளிக்கடனை அடைத்தார். அந்த ஒருநாள் வட்டி எந்த மாதப் பட்டியலிலும் வராது. வங்கிக் கணக்கிலோ ஒரு பழைய கடன் ஒழுங்காக அடைந்ததாகவும் புதுக்கடன் ஒன்று பிறந்ததாகவும் பதிவாகும். 2025 ஜூனில் வந்த புதிய விதிகளின்படி, கெடுவில் மொத்தமாகக் கட்டும் கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். வங்கிகள் அந்த விதிகளைப் பின்பற்றுவது 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். உங்கள் செய்தியாளர்கள் கிளைகளுக்குப் போய் நடைமுறையில் அது எப்படி இருக்கிறது என்று எழுதினால் எத்தனையோ பெண்களுக்கு உதவியாக இருக்கும்.

அந்தத் தையல்காரரின் கடன் சொந்தச் செலவுக் கடனா, தொழில் கடனா? அந்தப் பணத்தில் அவர் வாங்கியது ஓவர்லாக் மெஷின். பட்டியலில் அது தனிநபர் கடன். சிறுதொழில் கடனுக்கு விண்ணப்பம், ஆவணங்கள், கள ஆய்வு என்று அலைவதைவிட நகையை வைத்து அரை மணி நேரத்தில் பணத்தோடு வெளியே வந்துவிடலாம் என்பதால் பெட்டிக்கடைக்காரர், பட்டறைக்காரர் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நிதி நிறுவனங்களுக்கு வங்கிகள் கொடுக்கும் கடன் ‘சேவைத் துறை’ என்ற தலைப்பில், அதாவது நிறுவனத்துக்குக் கொடுத்த கடனாக வரும். அந்த நிறுவனம் அதே பணத்தைப் பைக் கடனாகவும் நகைக்கடனாகவும் வீடுகளுக்குத்தான் கொடுக்கிறது. 2024 மார்ச்சில் தனிநபர் கடன் சுமார் 53 லட்சம் கோடி, தொழில்துறைக் கடன் சுமார் 36 லட்சம் கோடி. ‘தொழிலைவிட வீடுகளுக்கே அதிகக் கடன்’ என்று எழுதும்போது, அந்த 53-இல் ஏறக்குறைய பாதி வீட்டுக் கடன் என்பதையும், தொழிலையும் வீட்டையும் பிரிக்கும் கோடு இப்படி இரண்டு பக்கமும் கசிகிறது என்பதையும் ஒரு வரி சேர்த்தால் என்ன?

அந்த வீட்டுக் கடனிலும் ஒரு விஷயம் உண்டு. 2023 ஜூலை 1 அன்று வீட்டுக் கடன் கொடுத்துவந்த எச்டிஎஃப்சி நிறுவனம் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தது. அதுவரை வங்கிப் பட்டியலுக்கு வெளியே இருந்த பெரும் தொகை ஒரே நாளில் உள்ளே வந்தது. அதனால் இணைப்பைச் சேர்த்தும் சேர்க்காமலும் ரிசர்வ் வங்கி இரண்டு விதமாக வளர்ச்சியைக் கொடுத்தது. பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, வீடு வாங்குவோர் குவிகிறார்கள் என்று எழுதிவிட முடியும். அடிக்குறிப்பைப் படித்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

பட்டியலில் வராதவையும் நம் ஊருக்கு முக்கியம். மாதக் கணக்கைத் தருபவை சுமார் 40 வணிக வங்கிகள்தாம். ஊர்ப்புறத்தில் பலர் நகை வைப்பது கூட்டுறவுக் கடன் சங்கத்தில். 2021-இல் தமிழக அரசு ஐந்து பவுன் வரை தள்ளுபடி அறிவித்ததே, அது கூட்டுறவு நகைக்கடன்களுக்குத்தான். இந்தப் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது.

எனவே என் வேண்டுகோள் இது. மாதாமாதம் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இந்தக் கணக்கைச் சிறு அட்டவணையாகப் போடுங்கள். சதவீதத்தோடு நிலுவைத் தொகையையும் போடுங்கள். 5 ஆயிரம் கோடி 10 ஆயிரம் கோடியானாலும் இரு மடங்கு, 1 லட்சம் கோடி 2 லட்சம் கோடியானாலும் இரு மடங்குதான். வகை மாற்றமோ வங்கி இணைப்போ நடந்திருந்தால் அட்டவணைக்குக் கீழேயே சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் மாநில வங்கியாளர் குழுவிடம் மாவட்டவாரிக் கணக்கு இருக்கும். திருவாரூரிலும் திருப்பூரிலும் யார் எதற்குக் கடன் வாங்குகிறார்கள் என்பதை அதிலிருந்து எடுத்து எழுதுங்கள். குறியீடு போட்ட என்னைப் போன்ற ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். சந்தேகம் இருந்தால் வந்து கேளுங்கள், உட்கார்ந்து விளக்குகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மன்னார்குடி