வேட்கைக்கு முந்திய கணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போதைப் பழக்கத்தை மன உறுதியின் குறைபாடாக மட்டுமே பார்த்து, "நினைத்தால் விட்டுவிடலாமே" என்று அறிவுரை கூறும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. பௌத்தம் இதை வேறு விதமாக அணுகுகிறது. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகளை வரிசைப்படுத்தும் மணிமேகலை, நுகர்விலிருந்து, அதாவது இன்ப துன்ப அனுபவத்திலிருந்து, வேட்கையும் வேட்கையிலிருந்து பற்றும் தோன்றுவதாகச் சொல்கிறது. தியானப் பயிற்சி கைவைப்பது நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு இடைவெளியில்தான்.

பதினான்கு ஆண்டுகள் புகைபிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆசை என்பது தொண்டையில் ஓர் இறுக்கம், வாயில் ஊறும் எச்சில், சட்டைப்பையைத் தானாகத் தேடிப் போகும் கை. அவற்றை அடக்காமலும் அவற்றுக்கு இணங்காமலும் மூச்சோடு சேர்த்துக் கவனித்திருந்தால், அலைபோல எழுந்து, சில நிமிடங்களில் தணிந்துவிடுகின்றன. முதல் சில வாரங்களில் எனக்கு இது பெரும்பாலும் பலிக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்த அலை உவமையைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர் உளவியலர் ஆலன் மார்லட். அவர் வழிவந்த பயிற்சியை, 286 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் தியானம் பயின்றவர்கள் போதைப்பொருளைப் பயன்படுத்திய நாட்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.

ஆனால், நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் கண்மூடி உட்காரச் சொல்வது பெருந்தவறு. தியானம் பற்றிய கட்டுரைகளில் இந்த எச்சரிக்கையையும் தாங்கள் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்