பி 14ல நின்ன தங்கச்சிக்கு

அப்பா நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டாரு. விலா எலும்புல ரெண்டு இடத்துல விரிசல், மத்தபடி பயப்பட ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, இருமல் வந்தா மட்டும் கைய வெச்சு அழுத்திப் புடிச்சுக்கறாரு. அன்னைக்கு ராத்திரி பாட்டு நிகழ்ச்சில கூட்ட நெரிசல்ல நாங்க மாட்டிக்கிட்டப்போ என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் பாத்திருப்பீங்க, அத திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்ல. போன் பண்ணவங்க யாருக்கும் சரியா பதில் சொல்லல, தப்பா நினைக்காதீங்க.

இத எழுதறது ஒரு பொண்ணுக்காக. பேரு தெரியாது. இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசு இருக்கும், ஆரஞ்சு கலர் ஜாக்கெட் போட்ட வாலண்டியர், கழுத்துல ஐடி கார்டு பின்பக்கம் திரும்பிக் கெடந்ததால படிக்க முடியல. பக்கத்துக் கம்பத்துல பி 14னு பெயிண்ட்ல எழுதியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச விலாசம் அவ்ளோதான்.

மொதல்ல ஒண்ண ஒத்துக்கறேன். உள்ள போறப்போ அந்தப் பொண்ண நான் திட்டினேன். நாங்க இங்க தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்கறோம், பேரிகேடுக்கு அந்தப் பக்கம் ஒரு பாதை நீளத்துக்கும் காலியா கெடக்கு, ஒரு ஆள் இல்ல. "இது யாருக்கும்மா, விஐபிக்கா"ன்னு கேட்டேன். "இல்லக்கா, இது காலியா இருக்கணும்"னு மட்டும் சொல்லுச்சு. இதெல்லாம் ஒரு பதிலான்னு அதுக்குக் கேக்கணும்னே சத்தமா அப்பாகிட்ட சொன்னேன். இன்னொண்ணையும் அப்பவே கவனிச்சேன், மொத்தக் கூட்டமும் மேடையப் பாக்குது, இது மட்டும் மேடைக்கு முதுகக் காட்டிக்கிட்டு எங்க மூஞ்சிய ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே நிக்குது. பாவம், வந்து ஒண்ணும் பாக்காம போகப்போகுதேன்னு நினைச்சேன்.

அப்பா மூஞ்சி மாறினத எனக்கு முன்னாடி பாத்தது அதான். நான் அவர் கையப் புடிச்சுக்கிட்டுதான் இருந்தேன், ஆனா கழுத்தத் திருப்ப முடியல. "அப்பா, என்னப் பாருங்க, பேச வேணாம், தலைய மட்டும் ஆட்டுங்க, மூச்சு வருதா?"ன்னு அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு. அப்பா இல்லன்னு ஆட்டினாரு. உடனே வாக்கி டாக்கில, "பி பதினாலு, பெரியவர் ஒருத்தருக்கு மூச்சு முடியல, லேன் தெறக்கறேன்."

தெறக்கலாமான்னு கேக்கல. தெறக்கறேன்னு சொல்லுச்சு. அந்த வார்த்தைய நான் இன்னும் விடல.

பேரிகேட் பின்ன உருவி அப்பாவ இழுத்துச்சு, அப்புறம் என்னைய, பின்னாடி ஒரு பையன, இன்னும் ரெண்டு பேர. ஒடனே திரும்ப மூடிருச்சு. மூடறப்போ அது மூஞ்சிய நான் பாத்தேன், அந்தப் பக்கம் எத்தன பேர் கைய நீட்டினாங்க. எல்லாரும் அந்தப் பாதைல எறங்கிட்டா ஸ்ட்ரெச்சர் எப்படி வரும்னு இப்ப புரியுது, அப்ப புரியல, அப்பவும் மனசுக்குள்ள அதத் திட்டினேன். அங்க இருந்த ஒரே ஸ்டூல அப்பாவுக்குப் போட்டுச்சு, தன்னோட தண்ணி பாட்டில என் கைல திணிச்சிச்சு, எடத்த விட்டு நகர முடியாதுல்ல, அதனால கூட்டத்தப் பாத்து நின்னுக்கிட்டே ஒரு கைய மட்டும் பின்னாடி நீட்டி அப்பா கையப் புடிச்சுக்கிச்சு. திரும்பிப் பாக்காமலே, "பத்து வரைக்கும் எண்ணுவோம்ப்பா, மெதுவா மூச்சு விட்டுக்கிட்டே, நான் கணக்குல வீக்கு, நீங்கதான் சொல்லித் தரணும்"னுச்சு. எங்கப்பா முப்பத்திநாலு வருஷம் கணக்கு வாத்தியாரு! அதுக்கு எப்படித் தெரியும். சிரிக்கப் போயி வலில முனகினாரு, அப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு உதட்ட அசைச்சாரு, ஆறுல தப்பா எண்ணுச்சுன்னு கையத் தட்டித் திருத்தினாரு. வேணும்னேதான் தப்பா எண்ணியிருக்கும்னு இப்ப தோணுது.

டாக்டர் டீம் தேடிக்கிட்டு அலையல, பி 14னு சொன்னதும் அந்தக் காலிப் பாதைல நேரா வந்து சேந்தாங்க. கம்பத்துல இருந்த நம்பரெல்லாம் கரண்ட்டு வேலைக்காரங்களுக்குன்னு நினைச்சிருந்தேன். கெளம்பறப்போ, "யாரக் கேட்டும்மா தெறந்த?"ன்னு கேட்டேன். "காலைல பிரீஃபிங்ல சொன்னாங்கக்கா. மூச்சுன்னா கேக்காத, சொல்லிட்டுத் தெறன்னு."

ஆஸ்பத்திரில மூணு ராத்திரி தூக்கம் வரல, போன வெச்சுக்கிட்டு இந்த மாதிரி கூட்டத்துக்கெல்லாம் கவர்மென்ட்டு எப்படித் திட்டம் போடுதுன்னு தேடித் தேடிப் படிச்சேன். பாதுகாப்புன்னா துப்பாக்கி, மெட்டல் டிடெக்டர், ஸ்கேன்னருதான்னு நினைச்சிருந்தவ நான். அதுவும் உண்டு, 2016ல ஃபிரான்ஸ்ல நீஸ் நகரத்துல லாரிய விட்டு 86 பேரக் கொன்னதுக்கு அப்புறம் கூட்டம் கூடற எடத்துல எல்லாம் வண்டி நுழையாம தடுப்பு வெக்கறதுல உலகம் பூரா அக்கறை கூடிருச்சு. ஆனா பாதிக்கு மேல திட்டம் கணக்குதான், அப்பாவுக்குப் புடிச்ச கணக்கு. எவ்ளோ பரப்பு, ஒரு நிமிஷத்துக்கு ஒரு வாசல் வழியா எத்தன பேர் போக முடியும், போற வழியும் வர்ற வழியும் வேற வேறயா, போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாரும் ஒரே கண்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்காங்களா, நிகழ்ச்சிய நிறுத்துன்னு சொல்ற அதிகாரம் யாருக்கு. 2010ல ஜெர்மனில டூயிஸ்பர்க்ல ஒரு இசை விழாவுக்கு உள்ள போறவங்களும் வெளிய வர்றவங்களும் ஒரே சரிவுப் பாதைல சந்திச்சதால 21 பேர் செத்துப் போயிட்டாங்க. ஜான் ஃப்ரூயின்னு ஒருத்தர் கூட்ட நெரிசலப் பத்தி எழுதினதுல, ஒரு சதுர மீட்டர்ல ஏழு பேர் ஆயிட்டா கூட்டம் தண்ணி மாதிரி ஆயிடும்ங்கறாரு, அதுக்கப்புறம் தள்ளறது யாருன்னே கெடையாது, அலைதான் தள்ளும். நின்னுக்கிட்டே மூச்சு நிக்கும். அப்பா கீழ விழவே இல்லையே, எப்படி எலும்பு விரிசுச்சுன்னு கேட்டவங்களுக்கு இதான் பதில்.

1989ல இங்கிலாந்துல ஹில்ஸ்பரோ ஃபுட்பால் மைதானத்துல நடந்த நெரிசல் பத்திப் படிச்சப்போதான் போன கவுத்து வெச்சுட்டேன். 97 பேரு. அங்க கம்பி வேலில சின்னச் சின்ன கேட் இருந்துச்சு. மேலதிகாரி சம்மதம் இல்லாம யாரையும் அந்தப் பக்கம் விடக்கூடாதுன்னு ஆர்டர், மருத்துவ உதவின்னா விடலாம்னும் அதுலயே எழுதியிருக்கு. ஆனா வேலில ஏறினவங்கள மொதல்ல கிரவுண்டுல புகுந்து ரகளை பண்ண வர்றவங்கன்னு போலீஸ்காரங்க நினைச்சுட்டாங்க. விதி எழுத்துல இருந்துச்சு, மூஞ்சியப் பாத்து இது மூச்சுத் திணறல்னு கண்டுபுடிக்கத்தான் ஆள் இல்ல. 2022ல தென் கொரியாவுல இட்டேவான்ல நெரிசல்ல செத்தது 159 பேரு, அன்னைக்கு சாயங்காலம் 6.34 மணிக்கே ஒருத்தர் போலீசுக்கு போன் பண்ணி நசுங்கிடுவோம்போல இருக்குன்னு சொல்லியிருக்காரு, நெரிசல் நடந்தது பத்து மணிக்கு மேல. அமைப்பாளர்னு ஒருத்தர் இல்லாத கூட்டம், அதனால அது யார் பொறுப்புன்னே இல்ல.

அதனால தங்கச்சி, உனக்கு எவ்ளோ நன்றியோ அதுல ஒரு பங்கு உன் பிரீஃபிங்ல அந்த ஒரு வரிய சேத்தவருக்கும் போகணும்னு நினைக்கறேன். எத்தனையோ மாசத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு மீட்டிங்ல, சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயி எல்லாரும் வாட்ச்சப் பாத்துக்கிட்டு இருக்கறப்போ, யாரோ ஒருத்தர், "பேரிகேட்ல நிக்கறவங்க பர்மிஷன் கேட்டுக்கிட்டு நிக்கக்கூடாது, அவங்களே தெறக்கணும்"னு சொல்லியிருக்கணும். இன்னொருத்தர் "சும்மா தெறந்துட்டா"ன்னு எதுத்திருப்பாரு. அந்த மொத ஆள் விட்டுக் குடுக்காம இருந்திருக்காரு பாருங்க, அவரு இத படிச்சா எங்கப்பா நல்லா இருக்காருன்னு தெரிஞ்சுக்கட்டும். அவ்ளோ யோசிச்சவங்க, மேல் பக்க வாசல அந்த நேரத்துல எதுக்கு மூடினாங்கன்னு எனக்குக் கோவம் இருக்கு, அத விசாரிக்கறவங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டேன், இங்க வேணாம்.

மத்தவங்க எல்லாருக்கும் சேத்து ஒரே மூச்சுல சொல்லிடறேன், கோச்சுக்காதீங்க. மைக்ல பாட்ட நிறுத்திட்டு "பின்னாடி இருக்கறவங்க மூணே மூணு அடி பின்னாடி போங்க"ன்னு திரும்பத் திரும்பப் பொறுமையா சொன்னவருக்கு, சொன்னதக் கேட்டு நெஜமாவே பின்னாடி போன முகம் தெரியாத அத்தன பேருக்கு, ஆம்புலன்ஸ்ல எங்கூட பேசிக்கிட்டே வந்த தம்பிக்கு, நைட் டியூட்டி நர்ஸ் அக்காவுக்கு, அப்பாவோட கண்ணாடிய மிதிபடாம எடுத்து வெச்சிருந்து காணாமப் போன பொருள் கவுண்ட்டர்ல குடுத்துட்டுப் போன யாரோ ஒருத்தருக்கு, வீட்டச் சாத்தாம ஓடிவந்தப்போ பாத்துக்கிட்ட பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு.

இவ்ளோ அவசரமா ஏன் எழுதறேன்னா அமெரிக்கால அட்லாண்டா நகரத்துல நடந்த கதையப் படிச்சதுதான். 1996 ஒலிம்பிக்ஸ் சமயம், பார்க்ல ஒரு பெஞ்சுக்கு அடில கெடந்த பைய ரிச்சர்ட் ஜூவல்னு ஒரு செக்யூரிட்டி கவனிச்சு, போலீசுக்குச் சொல்லி, ஜனங்கள வெலக்கியிருக்காரு. குண்டு வெடிச்சுச்சு, ஆனா அவரால எத்தனையோ பேர் பொழச்சாங்க. மூணு நாள்ல அவரையே சந்தேகப்பட்டு பேப்பர்ல போட்டுட்டாங்க. குற்றவாளி வேற ஆளு. அவருக்கு மாகாண கவர்னர் எல்லாருக்கும் முன்னாடி நன்றி சொன்னது 2006ல, அடுத்த வருஷம் அவரு செத்துட்டாரு. பத்து வருஷம்! அன்னைக்கு லேன் தெறந்ததுக்கு உன்ன யாராச்சும் கேள்வி கேட்டா, மூடினதுக்குக் கேட்டாலும், இதக் காட்டு. நான் வந்து சொல்றேன், அப்பாவும் வருவாரு.

எனக்கு நானே ஒண்ணு சொல்லிக்கிட்டேன், இனிமே ஜாக்கெட் போட்ட யாரு சுத்திப் போங்கன்னு சொன்னாலும் வாயத் தொறக்காம சுத்திப் போவேன். அப்பா நம்பல, "ரெண்டாவது திருப்பத்துல கேள்வி கேட்ருவ"ங்கறாரு.

உன் பாட்டில் எங்ககிட்டதான் இருக்கு. பி 14னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அப்பா அதுலதான் மாத்திரைக்குத் தண்ணி குடிக்கறாரு, வேற டம்ளர் குடுத்தா வேணாங்கறாரு. மூடி மட்டும் அங்கயே எங்கயோ விழுந்துருச்சும்மா, தேடிப் பாத்தோம், கெடைக்கல.