நந்தி மறுபடி முங்கிவிட்டதாமே

சிரியம், பர்மா,
ஆவணி 9, 2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் மழைக்கு விடமாட்டேன் என்கிறது.

மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றி வெளியே தெரிந்த நந்தியை நீ எடுத்து அனுப்பிய படம் மே மாதமே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில்தான் பார்த்தேன். இங்கே நெட்வொர்க் எப்படி என்று உனக்குத் தெரியுமே. முதலில் வானம் வந்தது, அப்புறம் கொம்பு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் நந்தியின் முகம். அதற்குள் அந்தப் பெண் இரண்டு தரம் சோற்றை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

பதில் எழுத மூன்று மாதம் ஆனதற்குப் போனைக் குறை சொல்ல மாட்டேன். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இல்லை. இப்போது நமக்குத் தெரிந்தவர் ஒருவர் வைத்தியத்துக்காகச் சென்னை போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கோயில் வகுப்பில் நீ படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும்.

"அணைதான் அம்மா நம்மை ஊரைவிட்டு விரட்டியது" என்று எழுதியிருந்தாய். அணைக்கரையில் பண்ணவாடித் துறையில் பரிசல்காரரிடமும் அப்படியே சொன்னதாகவும், அவர் "எந்தக் குடும்பம்?" என்று கேட்டபோது உனக்குப் பதில் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அணை வந்ததும் ஊர் போனதும் பொய்யில்லை. 1925-இல் வேலை தொடங்கி 1934-இல் முடித்தார்கள். எல்லிஸ் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் திட்டம் போட்டார், ஸ்டான்லி என்ற மதராஸ் கவர்னர் பெயரை வைத்தார்கள். தண்ணீருக்குள் போன ஊர்க்காரர்கள் பெயர் எந்தக் கல்லிலாவது இருக்கிறதா என்று அடுத்த தடவை போனால் பார். 120 அடி, 93 டி.எம்.சி. என்று கணக்குச் சொல்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் எத்தனை போகம் விளைந்திருக்கும். அதை நான் தப்பென்று சொல்ல வரவில்லை. அங்கே விளைந்த அரிசியை நீயும் இப்போது தின்கிறாய்.

உன் கொள்ளுத்தாத்தா, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஊரைச் சொல்வார். ஜலகண்டேஸ்வரர் கோயில், அதன் முன்னால் நந்தி, கூப்பிடு தூரத்தில் இரட்டைக் கோபுர மாதா கோயில். சின்னப் பிள்ளையில் நாங்கள் அதைப் புராணம் மாதிரி கேட்போம். "தண்ணி இறங்கினா முதல்ல மாதா கோயில் தெரியுமாம், அப்புறம்தான் நந்தி" என்பார். அவர் அதைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. பின்னால் வந்த யாரோ சொல்லிக் கேட்டது. நீ எழுதியதும் அதே வரிசை என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1964-இல் எனக்கு இரண்டு வயது. 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்று மே மாதம் அறிவித்தார்கள். கடை கண்ணியெல்லாம் அதற்கு முன்பே சர்க்கார் கைக்குப் போயிருந்தது. நம் தெருவில் பாதிப் பேர் கப்பலேறினார்கள். துறைமுகத்தில் காதில் மூக்கில் கிடந்ததையும் கழற்றி வாங்கிக்கொண்டுதான் விட்டார்களாம். என் அப்பாவும் போய்விடலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். தாத்தா அசையவில்லை. "எந்த ஊருக்கு டா போறது? தண்ணிக்குள்ளயா?" என்று கேட்டாராம். அந்த ஒரு வார்த்தையால்தான் நாம் இந்த நாட்டில் தங்கினோம். எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் உனக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்தேன்.

இனிமேல் சொல்வது அப்பாயி, தாத்தாவின் மனைவி, எனக்குச் சொன்னது. அவள் சாகக் கிடந்த மாதம், நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார்.

தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்தாள். கட்டிக்கொடுத்ததும் அதே ஊரில்தான். புருஷன் சீக்கிரம் செத்துவிட்டான், கையில் ஒரு ஆண்பிள்ளை. ஆற்றங்கரையை ஒட்டிப் புருஷன் வழியில் வந்த கொஞ்சம் நிலம், ஒரு ஓட்டு வீடு. அணைக்காக ஊரை எடுத்தபோது வீட்டுக்கும் நிலத்துக்கும் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அக்காவுக்கு எழுத்து தெரியாது. தம்பிதானே என்று காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். தம்பி போய்த் தன் பங்கையும் அவள் பங்கையும் சேர்த்து வாங்கினான். வாங்கியவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. மதராசுக்கு ரயிலேறி, அங்கிருந்து ரங்கூன் கப்பல்.

தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார், தம்பி. ஊர் முங்கியதை அவர் பார்க்கவே இல்லை. அக்காவும் அந்தப் பிள்ளையும் மேட்டுக்கு ஏறினார்களா, யார் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தார்கள், ஒன்றும் அப்பாயிக்குத் தெரியாது. தாத்தா ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அரிசி ஆலையில் மூட்டை தூக்கி, அப்புறம் சிரியத்தில் குத்தகைக்கு வயல் பிடித்து, அப்பாயியைக் கட்டினார். கல்யாணத்துக்கு அவர் போட்ட தோடு அந்தக் காசில் மிச்சம் என்று அவளிடம் ஒரே ஒரு தடவை, குடித்திருந்த ராத்திரி, சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அவள் அந்தத் தோட்டைக் காதில் போட்டதில்லை. ஏன் போடவில்லை என்று நான் கேட்டதுமில்லை. தோடு இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆக, 64-இல் அவர் கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நீயே யோசி.

அவர் மேல் எனக்குக் கோபமா என்றால், இருக்கிறது. என்னைத் தோளில் வைத்துப் பீலிக்கான் முனீஸ்வரன் திருவிழாவுக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். யேலே பகோடாவை ஆற்றுக்கு நடுவில் காட்டி, "பாரு, எத்தனை வெள்ளம் வந்தாலும் இது முங்காதாம், நம்ம சாமிதான் முங்கிடுச்சு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கூட இப்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

இந்த நாட்டிலும் இந்தக் கதை ஓயவில்லை. ஐராவதி பிறக்கிற மியிட்சோனில் சீனாக்காரர்களோடு சேர்ந்து அணை கட்டுகிறோம் என்று 2010-இல் கச்சின் இனத்தாரின் ஊர்களைக் கிளப்பினார்கள். மறு வருஷம் செப்டம்பரில் வேலையை நிறுத்திவிட்டார்கள். அணையும் இல்லை, ஊரும் இல்லை. முங்கிய ஊராவது கோடையில் தலை காட்டும். முங்காமலே போன ஊரை எங்கே போய்த் தேடுவது? நம் பக்கத்தில் பஞ்சம் வேறு மாதிரி: சுற்றிலும் தண்ணீர், சித்திரையில் குடிக்கத்தான் இருக்காது. நர்கீஸ் புயலில் நம் குளம் உப்பானது உனக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போனபோது அணையில் 50 அடிதான் என்றாய். வற்றின இடத்தில் உழுது கடலை போட்டிருந்தார்கள், நந்தியைச் சுற்றி நடந்தே வந்தேன் என்றாய். இந்த வருஷம் ஜூன் 12-இல் வழக்கம்போல் தண்ணீர் திறக்கவே இல்லை என்றும் கேள்விப்பட்டேன். அப்புறம் கர்நாடகத்தில் மழை கொட்டி, ஜூலை 30-இல் 120 அடியும் நிரம்பிவிட்டதாம். இரண்டே மாதத்தில் எல்லாம் உள்ளே. ஊர்க்காரர்களுக்கு அது நல்ல சேதி. எனக்கும் சந்தோஷம்தான். நந்தி வெளியே தெரிகிற வருஷம் யாருக்கு நல்ல வருஷம்?

நந்தியைப் பார்க்க அடுத்த வறட்சி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மனிதரைப் பார்க்கத் தண்ணீர் இறங்க வேண்டியதில்லை. தீபாவளிக்குக் கம்பெனி லீவு விட்டால் பண்ணவாடிக்கு மறுபடி போ. அக்கரை நாகமரைக்கும் பரிசலில் போ. வயசானவர்களாகப் பார்த்துக் கேள்: மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வீடு, ஒற்றைப் பிள்ளையோடு தாலியறுத்தவள், தம்பிக்காரன் பணத்தோடு ஓடிப்போனான் என்று. ஓடிப்போன கதையை ஊர் மறக்காது. நல்லவனின் பெயரைத்தான் மறந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு இப்போது இருந்தால் தொண்ணூறுக்கு மேல். அவர் மக்கள், பேரன் பேத்தி இருப்பார்கள்.

கண்டுபிடித்தால் சொந்தம் கொண்டாடாதே. அவர்கள் வீட்டில் சாப்பிடச் சொன்னால் சாப்பிடு, திட்டினால் கேட்டுக்கொள். பரிசல்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது உன்னிடம் பதில் இருக்கிறது, அதைச் சொல். மன்னிப்பு என்றெல்லாம் பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். எனக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் எழுது.

தோடு அரிசிப் பானைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. அப்பாவுக்குக்கூட இடம் தெரியாது. இவர் கையில் கொடுத்தனுப்பத் துணியவில்லை. ஆள் இருக்கிறது என்று நீ எழுதினால் வழி பார்க்கிறேன்.

இதோடு ஒரு பச்சை லுங்கி, முகத்தில் பூசத் தனாக்கா, ஒரு டப்பா நாப்பி (புளிக்க வைத்த மீன் விழுது) வைத்திருக்கிறேன். நாப்பி டப்பாவை அறைக்குள் திறக்காதே. அந்த வாசனைக்கு வீட்டுக்காரர் உன்னை அன்றைக்கே காலி பண்ணச் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
அம்மா